கலிவரைப் படைத்தவரின் பேராலயம்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளின், லிஃபி ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் பழம்பெரும் நகரம். ஆற்றின் தென்கரையில் சிறு மேடொன்றின்மீது கிறிஸ்து பேராலயம் நிற்கிறது. அங்கிருந்து தெற்கு நோக்கி இறங்கும் தெருவில் சிறிது தூரம் நடந்தாலே மற்றொரு பேராலயத்தின் உயர்ந்த கோபுரம் கண்ணில் படுகிறது. அதுவே நாம் காணச் சென்ற புனித பத்ரீசியார் பேராலயம். ஏறத்தாழ 300 அடி நீளமுடைய இக்கோயில் அயர்லாந்திலுள்ள ஆலயங்கள் அனைத்திலும் பெரியது.

ஒரே நகரில், கூப்பிடு தொலைவில், இரண்டு பேராலயங்கள்! அயர்லாந்து என்றால் கத்தோலிக்க நாடு என்றே நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் இவ்விரண்டு பழம் பேராலயங்களில் ஒன்றுகூட நம்முடையது அன்று. இரண்டும் ஆங்கிலிக்கன் வழிபாட்டு மரபைச் சேர்ந்த அயர்லாந்துச் சபைக்கு உரியவை. நம் கத்தோலிக்க மக்கள் தங்கள் ஆயருக்கென ஓர் ஆலயம் எழுப்பிக்கொள்ள 1825 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் பெருந்தெருவில் இடம் கிடைக்கவில்லை. ஆற்றின் வடகரையில் ஒரு பக்கத் தெருவிலேதான் புனித மரியாள் ஆலயம் எழுந்தது. ஏன் இவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்தவர்க்கு, புனித பத்ரீசியாரின் வாசலில் கால் வைக்கும்போது உள்ளம் சற்றே கனக்கும். நம்மிடமிருந்து பிரிந்துபோன ஒரு வீட்டுக்குள், எந்த மனத்தோடு நுழைவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது நமக்குத் துணை வருபவர், அந்தப் பேராலயத்தின் தரையில் அடக்கமாகியிருக்கும் ஒரு குரு. அவரை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். ஆறங்குல மனிதர் வாழும் லில்லிபுட் தீவில் கரையொதுங்கிய கலிவரின் கதையைக் கேளாத பிள்ளை உண்டா? அக்கதையை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட், 1713 முதல் 1745 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் இப்பேராலயத்தின் டீனாகப் பணியாற்றியவர்.

கிணறும் கோயிலும்

புனித பத்ரீசியார் ஐந்தாம் நூற்றாண்டில் இவ்விடத்திலிருந்த ஒரு கிணற்று நீரால் புதுக் கிறிஸ்தவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பேராலயத்தை ஒட்டிய பூங்காவில் அக்கிணறு இருந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. 1901-இல் இப்பகுதியில் மண்ணைத் தோண்டியபோது சிலுவை பொறித்த தொன்மையான கற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கிணற்றை மூடியிருந்த கல்லாக இருக்கலாம் எனக் கருதுகின்றனர். அது பேராலயத்தினுள் பாதுகாக்கப்படுகிறது.

1191-இல் டப்ளின் பேராயர் ஜான் கமின் இக்கோயிலுக்குக் குருக்கள் குழு ஒன்றை ஏற்படுத்தி உயர்வளித்தார். இன்று நாம் காணும் கற்கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது. பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் உரோமையோடு உறவை முறித்தபோது இதுவும் கைமாறியது. மேரி அரசியின் காலத்தில் சில ஆண்டுகள் மீண்டும் கத்தோலிக்கத் திருப்பலி இங்கே ஒப்புக்கொடுக்கப்பட்டது. எலிசபெத் அரசியின் காலத்தில் அதுவும் நின்றது. போடில் என்னும் சிற்றாறு இப்பகுதியில் நிலத்தடியே ஓடுவதால் பழங்காலத்தில் கோயிலுக்குள் வெள்ளம் புகுவது வழக்கமாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இடிந்து விழும் நிலையிலிருந்த கட்டடத்தை, 1860 முதல் 1865 வரை பெஞ்சமின் லீ கின்னஸ் என்னும் மதுபான ஆலை அதிபர் தம் சொந்தச் செலவில் புதுப்பித்தார்.

டீன் என்னும் சொல்லுக்கு ஈண்டு விளக்கம் தேவை. ஆங்கிலிக்கன் பேராலயங்களில் நிர்வாகப் பொறுப்பு ஆயரின் கையில் இருப்பதில்லை. கனோன்கள் எனப்படும் குருக்கள் குழுவின் தலைவராகிய டீனே கோயிலின் வழிபாடு, பாடகர் குழு, சொத்து, பழுதுபார்ப்பு ஆகிய அனைத்துக்கும் பொறுப்பாளர். புனித பத்ரீசியார் கோயிலைச் சுற்றியிருந்த சில தெருக்களில் அக்காலத்தில் டீனுக்கே தனி அதிகாரம் உண்டு. நெசவாளரும் கூலியாட்களும் நெருங்கி வாழ்ந்த ஏழைத் தெருக்கள் அவை. ஆகவே டீன் பதவி மதிப்பும் வருவாயும் உடையதுதான். ஆயினும் ஸ்விஃப்டுக்கு அது கிடைத்தபோது அவர் மகிழவில்லை. தம்மை நாடு கடத்திவிட்டதாகவே எண்ணினார்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

ஸ்விஃப்ட் பிறந்தது டப்ளினில்தான். 1667 நவம்பர் 30-ஆம் நாள், இப்பேராலயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில். அவர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். கைக்குழந்தையாயிருந்த அவரைச் செவிலித்தாய் தன்னோடு இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று, மூன்று ஆண்டுகள்போல் அங்கேயே வைத்திருந்தாள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பின்னர் பெரிய தந்தையின் ஆதரவில் கில்கென்னிப் பள்ளியிலும் டப்ளின் திரித்துவக் கல்லூரியிலும் பயின்றார். 1686-இல் அவர் பெற்ற பட்டம், ‘சிறப்புச் சலுகையால்’ வழங்கப்பட்டது என்ற குறிப்போடு கிடைத்தது. பிறர் தயவில் வளர்ந்த பிள்ளையின் மனப்புண் அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை. தம் பிறந்த நாள்தோறும் அவர், தாம் பிறந்த நாளையே நொந்து யோபு புலம்பும் அதிகாரத்தை எடுத்து வாசிப்பார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1689-இல் இங்கிலாந்து சென்று சர் வில்லியம் டெம்பிள் என்னும் அரசியல் பெரியவரிடம் செயலாளராக அமர்ந்தார். 1695-இல் குருப்பட்டம் பெற்றார். 1700-இல் டப்ளினுக்கு வடமேற்கே லாரகோர் என்ற சிற்றூரின் பங்கு அவருக்குக் கிடைத்தது. அவ்வூரில் ஆலயத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ பதினைந்து பேர். ஒருநாள் கோயிற் பணியாளர் ரோஜர் ஒருவரே வந்திருக்க, சபையோரை விளிக்கும் இடத்தில் “அன்பார்ந்த ரோஜரே” என்று அவரை மட்டும் அழைத்து வழிபாட்டைத் தொடங்கினார் என்றொரு கதை இன்றும் வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, ஒருவருக்காகவும் வழிபாடு நிற்கக்கூடாது என்ற பாடம் மெய்யானது!

அவருடைய உள்ளம் மட்டும் இலண்டனில் இருந்தது. அயர்லாந்துக் குருக்கள் அரசுக்குச் செலுத்தி வந்த ‘முதற்கனி’ வரியை நீக்கித் தருமாறு கேட்கச் சென்றவர், அரசியின் அமைச்சர்களுக்கு நெருங்கிய நண்பரானார். வரி நீங்கியது. அமைச்சர்களுக்காக அவர் எழுதிய துண்டு நூல்கள் நாட்டின் அரசியலையே அசைத்தன. இத்தனை உழைப்புக்கும் கைம்மாறாக இங்கிலாந்தில் ஓர் ஆயர் பதவியோ டீன் பதவியோ கிடைக்குமென்று எதிர்பார்த்தார். ஆனால் 1704-இல் அவர் வெளியிட்டிருந்த சமயக் கிண்டல் நூலொன்றை ஆன் அரசி மன்னிக்கவே இல்லை. முடிவில் 1713-இல் கிடைத்தது டப்ளின். அவ்வாண்டு ஜூன் 13-ஆம் நாள் அவர் பதவியேற்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசி இறந்தார். நண்பர்களின் ஆட்சி கவிழ்ந்தது. இலண்டன் வாழ்வு முடிந்தது. நாற்பத்தாறு வயதில், தோல்வியுற்ற மனிதராக, தாம் விரும்பாத ஊரின் ஈரக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்.

ஐந்து பவுன் கடன்

மாற்றலாகி வந்த இடம் பிடிக்காதபோது, கடமையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு காலத்தைக் கழிப்பவர்கள் உண்டு. ஸ்விஃப்ட் அவ்வாறு செய்யவில்லை. கோயிலின் கணக்குகளை ஒழுங்குபடுத்தினார். கட்டடத்தைப் பழுது பார்த்தார். பாடகர் குழுவில் திறமையற்றவர்களை, எவர் சிபாரிசு செய்தாலும், சேர்க்க மறுத்தார். அக்காலத்து ஆங்கிலிக்கன் ஆலயங்கள் பலவற்றில் ஆண்டுக்குச் சில முறையே நற்கருணை வழிபாடு நடந்து வந்தது. இவருடைய பேராலயத்திலோ ஞாயிறுதோறும் நடந்தது. தம் வீட்டுப் பணியாளர்களைச் சேர்த்துக்கொண்டு நாள்தோறும் செபம் சொன்னார். அதையும் வந்த விருந்தினர் அறியாதபடி செய்தார். பக்தியைக் காட்டிக்கொள்வது அவருக்கு அறவே பிடிக்காது.

அவர் ஏறி நின்ற மறையுரை மேடை இன்றும் பேராலயத்தில் காக்கப்பட்டு வருகிறது. அவருடைய மறையுரைகளில் நமக்குக் கிடைத்திருப்பவை ஒரு டஜன் அளவே. அவற்றுள் ஒன்று, கோயிலில் தூங்குவோரைப் பற்றியது! திருத்தூதர் பவுல் நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருக்க, சன்னலிலிருந்து தூங்கி விழுந்த யூத்திகு என்ற இளைஞனை எடுத்துக்காட்டி, தம் சபையாரை நகைச்சுவையோடு இடித்துரைத்திருக்கிறார். மற்றொன்று, அயர்லாந்து மக்களின் வறுமைக்குக் காரணங்கள் யாவை என்று ஆராய்வது.

வறுமையை ஆராய்ந்ததோடு அவர் நிற்கவில்லை. தமக்கென்று சேர்ந்த முதல் ஐந்நூறு பவுனை எடுத்து, தெருவிலிருந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு ஐந்து பவுனும் பத்து பவுனுமாகக் கடன் கொடுத்தார். வட்டி கிடையாது. வாரம் இரண்டு ஷில்லிங், நான்கு ஷில்லிங் எனச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்டினால் போதும். திரும்பி வந்த பணம் அடுத்த தறிக்காரனுக்கோ செருப்புத் தைப்பவனுக்கோ போகும். நம் பங்குகளில் இன்று சிறுசேமிப்புக் குழுக்கள் செய்யும் பணியை, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராலயத் தலைவர் தம் சொந்தப் பையிலிருந்து செய்திருக்கிறார்.

பேராலயச் சுவர்களில் பிரபுக்களின் நினைவுச் சின்னங்கள் பல. அவற்றினிடையே சிறியதொரு பலகை நம்மை நிறுத்திவிட்டது. அது அலெக்சாண்டர் மக்கீ என்னும் வேலைக்காரருக்கு உரியது. 1722-இல் இளம் வயதிலேயே இறந்த இப்பணியாளருக்காக, அவருடைய நேர்மையையும் விசுவாசத்தையும் புகழ்ந்து, டீன் தாமே இக்கல்லை வைத்தார். ‘நன்றியுள்ள நண்பனும் எசமானனும்’ என்று பொறிக்க விரும்பியவரை, வேலைக்காரனை நண்பன் என்பதா என்று ஒருவர் தடுத்துவிட்டாராம். இப்போது ‘எசமானன்’ என்று மட்டுமே இருக்கிறது. வேறொரு சுவரில் ஷாம்பர்க் கோமகனின் நினைவுக்கல் உள்ளது. 1690-இல் பாயின் போரில் மாண்டு இங்கே அடக்கமான அப்படைத்தலைவருக்கு ஒரு கல் வைக்கும்படி டீன் எத்தனையோ முறை எழுதியும் செல்வம் மிக்க உறவினர்கள் அசையவில்லை. 1731-இல் டீன் தாமே கல் வைத்தார். உறவினர்களின் அலட்சியத்தையும் அதிலேயே இலத்தீனில் வெட்டி வைத்துவிட்டார்! வேலைக்காரனுக்கு நன்றி, செல்வருக்குச் சூடு. ஸ்விஃப்ட் என்னும் மனிதரை அறிய இவ்விரு கற்களே போதும்.

துணிக்கடைக்காரரின் கடிதங்கள்

1722-இல் வில்லியம் வுட் என்ற ஆங்கிலேய வணிகருக்கு, அயர்லாந்துக்கென்று ஏறத்தாழ ஓர் இலட்சம் பவுன் மதிப்புள்ள செப்புக் காசுகளை அடிக்கும் உரிமை வழங்கப்பட்டது. அவ்வுரிமையை முதலில் பெற்றவர் மன்னரின் ஆசைநாயகி. அவரிடமிருந்து பத்தாயிரம் பவுனுக்கு வுட் அதை வாங்கினார். அயர்லாந்து மக்களையோ அவர்களுடைய பாராளுமன்றத்தையோ எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

1724-இல் டப்ளின் தெருக்களில் மலிவான துண்டுப் பிரசுரங்கள் உலவத் தொடங்கின. எழுதியவர் ஒரு துணிக்கடைக்காரர் என்று அவற்றில் கண்டிருந்தது. கடைக்காரரும் உழவரும் எளிதில் புரிந்துகொள்ளும் நடையில், இக்காசை வாங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வாங்காதீர்கள் என்று அவை கூறின. காசுகளை இலண்டனில் சோதித்த ஐசக் நியூட்டன், செம்பின் தரம் ஒப்பந்தப்படியே உள்ளது என்று அறிவித்தார். ஆனால் அயர்லாந்து மக்கள் கேட்ட கேள்வி செம்பைவிடப் பெரியது: எங்கள் ஒப்புதலின்றி எங்களை ஆள நீங்கள் யார்? நான்காம் கடிதம் ‘அயர்லாந்து மக்கள் அனைவருக்கும்’ என்று முகவரியிடப்பட்டு, ஆளப்படுவோரின் இசைவின்றி நடக்கும் ஆட்சி அடிமைத்தனமே என்று வாதாடியது. அரசு சினங்கொண்டது. அச்சிட்டவர் சிறையிலடைக்கப்பட்டார். எழுதியவரைக் காட்டிக்கொடுப்போர்க்கு 300 பவுன் பரிசு என்று பறைசாற்றப்பட்டது.

எழுதியவர் யாரென்று டப்ளின் முழுவதும் அறிந்திருந்தது. ஆயினும், முந்நூறு பவுன் பெருஞ்செல்வமாயிருந்த அந்த ஏழை நகரத்தில், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மாறாக, மறைநூலின் ஒரு பகுதியை எழுதி எழுதிக் கைமாற்றிக்கொண்டார்கள். சவுல் அரசன் தன் மகன் யோனத்தானைக் கொல்லத் துணிந்தபோது, மக்கள் தடுத்து அவனை மீட்ட வரலாறு அது. சாமுவேல் முதல் நூலின் பதினான்காம் அதிகாரம். டீனின் பெயரும் ஜொனாதன் அன்றோ! 1725-இல் அரசு பணிந்தது. காசுகள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டு அவர் இங்கிலாந்து போய்த் திரும்பியபோது, மணிகளை ஒலித்தும் தெருக்களில் தீ வளர்த்தும் நகரம் அவரை வரவேற்றது. வேண்டா வெறுப்பாக வந்த ஊர் அவரைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டது.

நம் கேள்வி

இங்கே நாம் ஒன்றை மறைக்கலாகாது. அனைவருக்கும் என்று எழுதிய அந்த டீன், கத்தோலிக்க மக்களுக்கு உரிமை வழங்கவேண்டுமென்று போராடியவர் அல்லர். நாட்டில் நான்கில் மூன்று பங்கினர் கத்தோலிக்கர். 1695-இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் பள்ளி நடத்துவதையும், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதையும் தடுத்தது. 1697-இல் ஆயர்களும் துறவியரும் நாடுகடத்தப்பட்டனர். 1704-இன் சட்டம் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதைத் தடுத்தது. இருந்த நிலத்தையும் மக்களிடையே துண்டு துண்டாகப் பிரிக்கச் செய்தது. 1728-இல் வாக்குரிமையும் பறிபோனது. இச்சட்டங்களை நீக்கும்படி ஸ்விஃப்ட் எழுதவில்லை. தம் சபையே நாட்டின் சபையாக நிலைக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. ஆங்கிலிக்கன் குருக்களைத் தாங்கிய பத்திலொரு பங்கு வரியைக் கத்தோலிக்க உழவரும் கொடுத்தே தீரவேண்டியிருந்தது. தம் குருவை மலைப்பாறையின் மறைவில் சந்தித்துத் திருப்பலி கண்ட ஏழை, தான் நுழையாத கோயிலுக்கும் வரி செலுத்தினான்.

அச்சட்டங்களின் நிழலில் 1718-இல் பிறந்தவர் நேனோ நேகிள். பிரான்சு நாட்டில் கல்வி பயின்று திரும்பி, கார்க் நகரின் சந்துகளில் ஏழைக் குழந்தைகளுக்குத் தடையை மீறிப் பள்ளி தொடங்கினார். 1775-இல் அவர் நிறுவிய பிரசன்டேஷன் கன்னியர் சபையின் சகோதரிகள் 1842-இல் சென்னைக்கு வந்து கல்விப் பணி தொடங்கினார்கள். 2013-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அயர்லாந்தில் அடைக்கப்பட்ட கதவின் பயனை நம் தமிழகத்துப் பெண்பிள்ளைகள் பெற்றார்கள் என்பதை எண்ணும்போது, இறைவனின் வழிகள் வியப்பூட்டுகின்றன.

அப்படியானால் ஸ்விஃப்டை நாம் எவ்வாறு மதிப்பது? அவர் காணத் தவறியதை நாம் சொல்லவேண்டும். அவர் கண்டதையும் சொல்லவேண்டும். 1728, 1729-ஆம் ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்துப் பசி தலைவிரித்தாடியது. பிச்சையெடுத்துத் திரிந்த தாய்மாரும் குழந்தைகளும் பெரும்பாலும் கத்தோலிக்கர். அப்போது அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஏழைகளின் குழந்தைகளைக் கொழுக்க வைத்துச் செல்வரின் மேசைக்கு உணவாக விற்றால் நாட்டின் வறுமை தீரும் என்று, கணக்குப்பிள்ளையின் அமைதியோடு அதில் ‘ஆலோசனை’ கூறினார். படித்தவர் நெஞ்சம் பதறியது. பதறவேண்டும் என்பதற்காகவே எழுதினார். நிலத்தை உறிஞ்சும் பிரபுக்கள் ஏற்கெனவே பெற்றோரை விழுங்கிவிட்டார்கள். பிள்ளைகளை விழுங்குவதற்கு மட்டும் ஏன் கூசுகிறீர்கள் என்பதே அந்நூலின் உட்கருத்து. அந்தக் கோபம் ஏழையின் சமயத்தைக் கேட்டு எழுந்த கோபம் அன்று.

இருட்டறையில் ஓர் இரவு

மேற்கு வாசலுக்கருகே தரையில் இரண்டு பித்தளைத் தகடுகள் அருகருகே பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ஸ்விஃப்டின் கல்லறை. மற்றொன்று, அவர் ஸ்டெல்லா என்றழைத்த எஸ்தர் ஜான்சன் அம்மையாருடையது. டெம்பிளின் இல்லத்தில் எட்டு வயதுச் சிறுமியாக அவரிடம் எழுதப் படிக்கக் கற்ற ஸ்டெல்லா, வளர்ந்தபின் டப்ளினுக்கே வந்து, ஆயுள் முழுதும் அவருடைய உற்ற தோழியாக வாழ்ந்தார். தனித்து அவர்கள் சந்தித்ததில்லை. எப்போதும் மற்றொருவர் உடனிருப்பார் என்பர்.

1728 ஜனவரி 28-ஆம் நாள் ஸ்டெல்லா இறந்தார். அடக்கம் இரவில் பேராலயத்தில் நடந்தது. நோயுற்றிருந்த டீனால் போக முடியவில்லை. அவருடைய படுக்கையறைச் சன்னல் கோயிலுக்கு நேரெதிரே இருந்தது. கோயிலில் எரியும் விளக்கொளி கண்ணில் படாதிருக்க வேறோர் அறைக்கு மாறி அமர்ந்து, ஸ்டெல்லா இறந்த இரவிலேயே எழுதத் தொடங்கியிருந்த அவருடைய நற்குணங்களைத் தொடர்ந்து எழுதினார். எத்தனையோ பேரின் அடக்கத்தை நடத்தி வைத்த குரு, தமக்குரியவரின் அடக்கத்தின்போது விளக்கைக் காணவும் அஞ்சி இருட்டில் அமர்ந்திருந்தார். துயரம் குருவையும் விடுவதில்லை.

இளமை முதலே அவருக்குத் தலைசுற்றலும் காது மந்தமும் உண்டு. முதுமையில் அவை முற்றின. நினைவும் தடுமாறியது. 1742 ஜனவரியில், தம் பாடகர்கள் ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போகக்கூடாது என்று கடுஞ்சினத்தோடு தடை எழுதினார். பின்னர் அத்தடை நீங்கியது. ஏப்ரல் 13-ஆம் நாள், இரு பேராலயங்களின் பாடகர்களும் சேர்ந்து பாட, ஹாண்டல் இயற்றிய ‘மெசையா’ டப்ளினில் முதன்முதல் அரங்கேறியது. அதில் திரண்ட தொகையில் ஒரு பங்கைக்கொண்டு, கடனுக்காகச் சிறையிலிருந்த 142 பேர் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில், டீன் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும் மனநிலையில் இல்லை என்று விசாரணைக் குழு தீர்மானித்தது. 1745 அக்டோபர் 19-ஆம் நாள், எழுபத்தேழு வயதில் அவர் கண்மூடினார். தாம் விரும்பியபடியே ஆரவாரமின்றி இரவில் அடக்கம் செய்யப்பட்டார்.

உயிலைத் திறந்தார்கள். ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பவுன் பெறுமான தம் உடைமையின் பெரும்பகுதியை, மனநோயாளருக்கு மருத்துவமனை கட்டுவதற்கென்று எழுதி வைத்திருந்தார். அக்காலத்தில் மனநோயாளர் தெருவில் அலைந்தார்கள். அல்லது சங்கிலியில் கிடந்தார்கள். இலண்டனின் பெத்லேம் மனநோய் விடுதியின் ஆளுநர்களில் ஒருவராயிருந்து அவர்கள் நிலையை அவர் அறிந்திருந்தார். தம் அறிவு தெளிவாயிருந்தபோதே இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்தார். 1746-இல் அரசு சாசனம் கிடைத்தது; 1757-இல் புனித பத்ரீசியார் மருத்துவமனை நோயாளிகளை ஏற்றது. இன்றும் அது டப்ளினின் மேற்குப் பகுதியில் மனநலப் பணி ஆற்றிவருகிறது. தம் வீட்டில் மனநோயாளர் ஒருவரை வைத்து, ஊரார் பேச்சுக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு அழும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கொடையின் அருமை விளங்கும்.

இரண்டு அடக்கச் சடங்குகள்

இதே பேராலயத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகளையும் நாம் நினைவுகூரவேண்டும். அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடு, இச்சபையைச் சேர்ந்தவர். 1949 ஜூலையில் அவர் இறந்தபோது இங்கே அடக்க வழிபாடு நடந்தது. கத்தோலிக்கரான பிரதமரும், ஒருவரைத் தவிர மற்றக் கத்தோலிக்க அமைச்சர்களும், உள்ளே வராமல் வெளியே வண்டிகளிலேயே அமர்ந்திருந்தார்கள். பிற சபையாரின் வழிபாட்டில் கலந்துகொள்ள அன்றைய திருச்சபை ஒழுங்கு இடந்தரவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் டி வலெரா தமக்குப் பதிலாக ஆங்கிலிக்கரான எர்ஸ்கின் சில்டர்ஸ் என்பவரை அனுப்பினார்.

இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், காண்டர்பரிப் பேராயர் மைக்கேல் ராம்சேயை உரோமையில் வரவேற்றுத் தம் மோதிரத்தையே அவர் விரலில் அணிவித்தார். 1974 நவம்பரில், அதே சில்டர்ஸ் குடியரசுத் தலைவராயிருந்தபோது காலமானார். அவருடைய அடக்க வழிபாடும் இங்கேயே நடந்தது. இம்முறை கத்தோலிக்கத் தலைவர்கள் வெளியே நிற்கவில்லை. உள்ளே வந்து, இறந்தவருக்காக ஒன்றாக மன்றாடினார்கள். கோயில் அதே கோயில். வாசல் அதே வாசல். அதைக் கடக்கத் தடையாயிருந்தது மனிதர் மனத்தில் இருந்தது.

எந்த மனத்தோடு நுழைவது என்று தொடக்கத்தில் கேட்டோம். இழந்ததை மறவாத மனத்தோடும், பிறர் செய்த நன்மையை மறுக்காத மனத்தோடும் நுழையலாம் என்பதே நாம் கண்ட விடை. ஒருவர் நம்மவர் அல்லர் என்பதால் அவருடைய நற்செயல் சிறுத்துப்போவதில்லை. அவர் நற்செயல் பெரிது என்பதால் அவருடைய குறையை மறைக்கவேண்டியதும் இல்லை. உண்மையும் அன்பும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

ஸ்விஃப்ட் தம் கல்லறை வாசகத்தை இலத்தீனில் தாமே எழுதி வைத்தார். கருங்கல்லில் பொன்னெழுத்தாக அது சுவரில் விளங்குகிறது. கொடுங்கோபம் இனித் தம் நெஞ்சைக் கிழிக்காது என்று அதில் கூறுகிறார். பிறகு வழிப்போக்கரை நோக்கி, இங்கே நிற்காமல் போய், கூடுமானால் தம்மைப் பின்பற்றும்படி சொல்கிறார். தம் நூல்களைப் பற்றி அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை. விடுதலைக்காகப் பாடுபட்டதை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறார்.

நம்மில் எத்தனை பேர் கேட்ட ஊரில் வேலை பார்க்கிறோம்? கேட்ட வாழ்வை வாழ்கிறோம்? மாற்றலாகிப் போன ஊர், மனம் ஒட்டாத பணி, எதிர்பாராமல் தோளில் விழுந்த நோயாளியின் பராமரிப்பு, இவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. நமக்கு உரியதன்று என்று நாம் எண்ணும் இடத்திலேயே, நம் கைக்காக யாரோ ஓர் ஏழை காத்திருக்கக்கூடும். அவனுக்கு இன்று தேவைப்படுவது ஐந்து பவுன் கடனாகவும் இருக்கலாம்.